ஏடும் எடைக்கல்லும்

"ஏட்டிலே எழுதியிருக்கிறது!" இந்த ஒரே விடையைக் கொண்டு எத்தனை நூற்றாண்டுகள், எத்தனை வினாக்களின் வாயை அடைத்து வைத்தார்கள்! இவன் ஏன் உயர்ந்தவன், அவன் ஏன் தாழ்ந்தவன் என்று கேட்டவனுக்கு ஏடு காட்டப்பட்டது. அந்த ஏட்டை எழுதியது யார், எழுதியவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று மேலும் கேட்டவனுக்கு வாசற்படி காட்டப்பட்டது. அப்படிக் கேட்டு வெளியேற்றப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் நாம் என்று பெருமை கொள்கிறோம். கொள்ளலாம், தவறில்லை. ஆனால், தோழர்களே, இன்று நம் நாவிலே வேறொரு சொற்றொடர் குடியேறியிருக்கிறதே, கவனித்தீர்களா? "ஆராய்ச்சி சொல்கிறது!" மேடையிலே சொல்கிறோம், கட்டுரையிலே எழுதுகிறோம், தேநீர்க் கடையிலே மேசையைத் தட்டிச் சொல்கிறோம். எந்த ஆராய்ச்சி? செய்தவர் யார்? எத்தனை பேரை அளந்தார்? அந்தக் கட்டுரையை நாம் படித்தோமா? இவற்றைக் கேட்டால் நம்மிலே பலருக்கும் பழைய பண்டிதருக்கு வந்த கோபமே வருகிறது!

ஏட்டை நம்பாதவன், ஆய்விதழை நம்பலாமா? நம்பலாம் என்றால், எவ்வளவு? இதனைக் கல்லூரிப் பேராசிரியர்களின் தொழில் நுணுக்கம் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. பிறர் வாழ்வைப் பாதிக்கும் ஒரு செய்தியை, ஆராயாமல் ஏற்கவும் ஆராயாமல் பரப்பவும் நமக்கு உரிமை உண்டா என்னும் அறக்கேள்வி இது.

புராணத்துக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் வேறுபாடு இல்லாமலில்லை. புராணம் தன்னைச் சோதித்துப் பார்க்கும் வழியைச் சொல்லித் தருவதில்லை. ஆய்வுக் கட்டுரையோ, இத்தனை பேரை அளந்தேன், இந்தக் கருவியால் அளந்தேன், இவ்வாறு கணக்கிட்டேன், இதோ அட்டவணை என்று விரித்து வைக்கிறது. அந்த விரிப்பு ஓர் அழைப்பு. 1660இல் இலண்டனில் தோன்றிய இராயல் சொசைட்டி என்னும் அறிஞர் கழகம், எவர் சொல்லையும் சொன்னவர் பெயருக்காக ஏற்காதே என்னும் பொருள் தரும் இலத்தீன் தொடரைத் தன் குறிக்கோளாக ஏற்றது. சொன்னவர் யாராயினும் சொல்லிலே மெய் உண்டா என்று காண்பதே அறிவு என வள்ளுவர் வகுத்ததும் அதுவே. அழைப்பை ஏற்று உள்ளே சென்று பார்க்காதவன், வாயிலிலே நின்று வணங்கிவிட்டுத் திரும்புகிறான். வணங்கப்படும் பொருள் மாறிற்று, வணக்கம் மாறவில்லை.

நான் பள்ளி ஆசிரியன். ஆசிரியர்கள் கூடும் அறையிலே அவ்வப்போது காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "அந்தப் பையனுக்கு ஏறாது, சார். அறிவு பிறப்போடு வருவது. வெளிநாட்டிலே ஆராய்ச்சி செய்து நிரூபித்துவிட்டார்கள்." பேசுகிறவர் கொடியவர் அல்லர், களைத்துப் போனவர். ஆயினும், தலைவிதி என்ற சொல் நாணி வெளியேறிய இடத்திலே, மரபு என்ற சொல் மிடுக்கோடு வந்து அமர்ந்துகொள்வதைப் பாருங்கள். கடைசி வரிசையிலே அமர்ந்திருக்கும் சிறுவனுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் அவனுக்குப் பாடம் சொல்லித்தரும் கடமையிலிருந்து நாம் விடுபடுகிறோம்.

நிரூபித்துவிட்டார்கள் என்றால், யார் நிரூபித்தார், எப்படி நிரூபித்தார்? இந்தக் கேள்வியோடு புறப்பட்டால், முதலில் நாம் சென்று நிற்க வேண்டிய இடம் இங்கிலாந்து. காண வேண்டிய மனிதர் சிரில் பர்ட்.

பர்ட் சாதாரண மனிதரல்லர். 1913 முதல் இலண்டன் மாநகரக் கல்வித் துறையிலே உளவியலாளர். பிறகு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே பேராசிரியர். 1946இல் அரசு அவருக்கு 'சர்' பட்டம் அளித்தது. உளவியல் துறையிலே அந்தப் பட்டம் பெற்ற முதல்வர் அவரே. கல்விக் குழுக்கள் அவரிடம் ஆலோசனை கேட்டன. ஆய்விதழ் ஒன்றுக்கு அவரே ஆசிரியர். அறிவுத்திறன் பெரும்பாலும் பிறவியிலேயே அமைகிறது என்பது அவர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்திய கருத்து. பதினோரு வயதிலே ஒரு தேர்வு வைத்து, இந்தப் பிள்ளை உயர் படிப்புக்கு, அந்தப் பிள்ளை கைத்தொழிலுக்கு என்று பிரித்து அனுப்பும் ஏற்பாடு, 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பின் இங்கிலாந்திலே பரவியது. அந்த ஏற்பாட்டை நியாயப்படுத்தியோருக்கு அவர் கருத்து பெருந்துணையாக நின்றது.

பிறப்பா, வளர்ப்பா என்ற வழக்கைத் தீர்க்க அவர் காட்டிய சாட்சிகள், ஒருகரு இரட்டையர். ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள், மரபிலே ஒன்றுபோன்றவர்கள். குழந்தைப் பருவத்திலேயே பிரிக்கப்பட்டு வெவ்வேறு வீடுகளிலே வளர்ந்த இரட்டையரின் அறிவுத்திறனை அளந்தால், வீடு வேறாக இருந்தும் அளவு ஒத்து வருமானால், காரணம் பிறப்பே என்று வாதிடலாமன்றோ? பர்ட் அளந்ததாக எழுதினார். பிரிந்து வளர்ந்த வீடுகளின் தரங்களுக்கிடையே யாதொரு தொடர்பும் இல்லை, ஆகவே வளர்ப்பின் ஒற்றுமை என்று எவரும் தப்பிக்க முடியாது என்றும் எழுதினார். கண்ட முடிவை ஒட்டுறவுக் கெழு என்னும் எண்ணாலே தந்தார். இரண்டு அளவுகள் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும் எண் அது. தொடர்பே இல்லையெனில் 0, முற்றும் ஒத்துச் சென்றால் 1.

1955இல் அவர் காட்டிய இரட்டையர் 21 இணை. கெழு 0.771. 1958இல் முப்பதுக்கும் மேற்பட்ட இணை. கெழு 0.771. 1966இல் 53 இணை. கெழு 0.771!

கொஞ்சம் நின்று எண்ணிப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியிலே 21 பிள்ளைகளின் சராசரி எடையை மூன்றாம் தசம இடம் வரை கணக்கிடுங்கள். மேலும் 32 பிள்ளைகளைச் சேர்த்து மறுபடியும் கணக்கிடுங்கள். அதே எண், மூன்று இடமும் பிசகாமல் வந்துவிடுமா? ஒருமுறை வந்தால் வியப்பு. இடையிலே ஒன்று, கடைசியிலே ஒன்று என இருமுறை வந்தால், தராசின் முள் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒரே வீட்டிலே சேர்ந்து வளர்ந்த இரட்டையருக்கு அவர் தந்த கெழுவும் அப்படியே: மூன்று கட்டுரைகளிலும் 0.944.

இதனைக் கண்டு சொன்னவர் அமெரிக்க உளவியலாளர் லியோன் காமின். 1972இல் பர்ட்டின் கட்டுரைகளை எடுத்து வைத்துப் படிக்கத் தொடங்கினார். 1974இல் நூலாகவே எழுதினார். இதற்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. இரட்டையரைத் தேடி ஊர் ஊராக அலையவும் தேவைப்படவில்லை. மூன்று கட்டுரைகளையும் மேசைமேல் அருகருகே வைத்து, அட்டவணைகளை ஒப்பிட்டுப் படித்தார். அவ்வளவே. எந்தத் தேர்வைக் கொண்டு அளந்தார், எந்த ஆண்டு அளந்தார், அளந்தவர் யார் என்ற செய்திகள் கட்டுரையிலே தெளிவாக இல்லை என்பதையும் குறித்தார்.

அப்படியானால், அவருக்கு முன் அந்தக் கட்டுரைகளைப் புரட்டிய அறிஞர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? சுருக்கத்தைப் படித்தார்கள், முடிவை மேற்கோள் காட்டினார்கள். பட்டத்தைக் கண்டு பணிந்தவர் சிலர். முடிவு இனித்ததால் விழுங்கியவர் சிலர். மற்றவர் பார்த்திருப்பார் என்று நம்பியவர் பலர். இந்த மூன்று கூட்டத்தாரும் நம்மிடையே இல்லையா?

ஒரு செய்தியை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆர்தர் ஜென்சன் என்னும் அமெரிக்க உளவியலாளர், 1969இல் அறிவுத்திறனிலே மரபின் பங்கே பெரிது என்று நீண்ட கட்டுரை எழுதிப் பெரும் புயலை எழுப்பியவர். பர்ட்டின் எண்களை நம்பியவர். அவரே 1974இல் பர்ட்டின் அட்டவணைகளைத் தொகுத்துப் பார்த்து, இந்த எண்கள் எதையும் நிறுவப் பயன்படா என்று வெளியிட்டார். தன் கட்சிக்குத் தூணாக நின்ற சாட்சியைத் தானே தள்ளிவைத்தார். கருத்திலே அவரோடு நாம் எவ்வளவு மாறுபட்டாலும், இந்தச் செயலிலே அவரைப் பாராட்டத் தயங்குவோமானால், நாம் பேசும் பகுத்தறிவு வெறும் கட்சிக்கொடி.

பிறகு நடந்ததும் பாடமே. 1976இல் இலண்டன் இதழொன்று, பர்ட்டின் கூட்டாளிகளாகப் பெயர் குறிக்கப்பட்ட இரு பெண்மணிகளைத் தேடியும் காணமுடியவில்லை என எழுதிற்று. பர்ட்டின் நினைவுக் கூட்டத்திலே புகழுரை ஆற்றியவரும், அவருடைய தங்கையின் விருப்பப்படி வரலாறு எழுத முற்பட்டவருமான லெஸ்லி ஹெர்ன்ஷா, நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பார்த்தபின், எண்கள் புனையப்பட்டவை என்று 1979இல் வருத்தத்தோடு முடிவு கட்டினார். 1989இலும் 1991இலும் வேறு இருவர் நூல் எழுதி, மோசடி என்பது நிறுவப்படவில்லை, முதுமையின் கவனக்குறைவாகவும் இருக்கலாம் என வாதிட்டனர். பொய்யா, பிழையா என்பதிலே வழக்கு இன்னும் உண்டு. அந்த எண்களைச் சான்றாகக் கொள்ள முடியாது என்பதிலே வழக்கில்லை. இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் நேர்மை. "பர்ட்டின் பொய்யால்தான் பதினோரு வயதுத் தேர்வு வந்தது" என்று மேடையிலே முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் 1944இல் வந்த சட்டத்துக்கு 1955இல் வந்த எண் எப்படிக் காரணமாகும்? கைதட்டலுக்காகக் காலத்தைப் புரட்டுகிறவன், பர்ட்டைக் குறை சொல்லத் தகுதியற்றவன்.

பர்ட் வீழ்ந்தார், ஆகவே அறிவிலே மரபுக்குப் பங்கே இல்லை! இப்படி முடித்துவிட்டு எழுந்து போகத்தான் நம் மனம் விரும்பும். போகக் கூடாது. ஒரு சாட்சி பொய் என்பதால் வழக்கே பொய் ஆகிவிடாது. மற்றச் சாட்சிகளையும் கேட்க வேண்டும்.

1979 முதல் அமெரிக்காவின் மினசோட்டாவிலே தாமஸ் பூசார்ட் குழுவினர், பிரிந்து வளர்ந்த இரட்டையரை நூற்றுக்கு மேற்பட்ட தொகுதிகளாக நேரில் வரவழைத்து அளந்தனர். 1990இல் வெளியிட்டனர். அறிவுத்திறன் வேறுபாட்டிலே ஏறத்தாழ 70 விழுக்காடு மரபு வேறுபாட்டோடு தொடர்புடையது என்பது அவர்கள் கண்ட முடிவு. இது பர்ட்டின் எண்ணுக்கு வெகுதொலைவில் இல்லை! கசக்கிறதா? கசந்தாலும் படிக்க வேண்டும். முழுதும் படிக்க வேண்டும். முழுதும் படித்தவனுக்குத்தான் கட்டுரையின் உள்ளே அந்த ஆசிரியர்களே எழுதிவைத்த எச்சரிக்கை கண்ணில் படும். எங்கள் இரட்டையரிலே கொடிய வறுமையிலோ எழுத்தறியாத பெற்றோரிடமோ வளர்ந்தவர் மிகச் சிலரே. ஆகவே இந்த எண்ணை அத்தகைய கொடுஞ்சூழலுக்கு நீட்டிச் செல்லக் கூடாது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். தலைப்பை மட்டும் படித்தவர் நூறு பேர் என்றால், இந்த வரியைப் படித்தவர் எத்தனை பேர்?

அந்த எச்சரிக்கையின் பொருளைச் சோற்றைக் கொண்டே விளக்கலாம். எல்லாப் பிள்ளைகளும் வயிறார உண்ணும் ஓர் ஊரிலே, பிள்ளைகளின் உயர வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் மரபே காரணமாயிருக்கும். பாதிப் பிள்ளைகள் பட்டினி கிடக்கும் ஊரிலே, அதே உயர வேறுபாட்டுக்குப் பட்டினியே பெருங்காரணமாகிவிடும். மரபின் பங்கு இத்தனை விழுக்காடு என்பது ஒரு பிள்ளையின் நெற்றியிலே எழுதப்பட்ட எண்ணன்று. அந்த ஊர் எப்படிச் சோறு போடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும் எண். 2003இல் எரிக் டர்க்கைமர் என்பவரும் உடனாய்வாளரும் அமெரிக்காவிலே ஏழு வயது இரட்டையரைக் கொண்டு செய்த ஆய்வு இதனையே காட்டிற்று. வறிய குடும்பங்களிலே வேறுபாட்டின் 60 விழுக்காடு வீட்டுச் சூழலால், மரபின் பங்கு ஏறத்தாழ இல்லை. வளமான குடும்பங்களிலே நிலைமை ஏறக்குறைய தலைகீழ். இதையும் மகிழ்ச்சியோடு விழுங்கிவிட வேண்டாம். பின்வந்த ஆய்வுகள் அமெரிக்காவிலே இதற்கு ஓரளவு துணை நின்றன. மேற்கு ஐரோப்பாவிலே அத்தகைய வேறுபாடு தெளிவாகக் காணப்படவில்லை. ஏன் என்பதே அடுத்த கேள்வி. சமுதாயப் பாதுகாப்பு வலுவாக உள்ள நாட்டிலே வறுமையின் கடுமை குறைவு என்பது காரணமாகலாம். அதுவும் சோதிக்கப்பட வேண்டியதே.

இனி, நமக்கு இனிக்கும் ஆய்வுக்கு வருவோம். நம் நேர்மைக்கு உண்மையான சோதனை அங்கேதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிலடெல்பியா நகரில் சாமுவேல் ஜார்ஜ் மார்ட்டன் என்னும் மருத்துவர், நூற்றுக்கணக்கான மண்டையோடுகளைச் சேர்த்து வைத்தார். முதலில் சிறு விதைகளையும், பிறகு ஈயக் குண்டுகளையும் உள்ளே நிரப்பிக் கொள்ளளவு கண்டார். 1839இல் நூல் வெளியிட்டார். வெள்ளையர் மண்டை சராசரியிலே பெரிது, கறுப்பர் மண்டை சிறிது என்று அடுக்கினார். அடிமை முறையைக் காத்து நின்றோர் அந்த அடுக்கை எடுத்து ஆண்டனர். 1978இலும், பிறகு 1981இல் எழுதிய புகழ்பெற்ற நூலிலும், ஸ்டீபன் ஜே கூல்ட் என்னும் அறிஞர் மார்ட்டனின் எண்களை மறுபடி கணக்கிட்டார். மார்ட்டன் அறிந்து பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் மனச்சாய்வு அவரை அறியாமலே விதையை அழுத்தவும் தளர்த்தவும் செய்திருக்கிறது என்று எழுதினார். நமக்கு இதைவிட இனிய செய்தி ஏது? இனவெறியன் அளந்தான், அளவிலேயே வெறி புகுந்தது! உலகெங்கும் சமத்துவம் பேசுவோர் இதனை எடுத்துச் சொன்னார்கள்.

ஆனால் கூல்ட் அந்த மண்டையோடுகளைத் தொட்டு அளக்கவில்லை. 2011இல் ஜேசன் லூயிஸ் முதலிய அறுவர், 308 மண்டையோடுகளை மீண்டும் அளந்தனர். மார்ட்டனின் அளவுகளிலே பிழை சிலவே. அவையும் கூல்ட் குற்றம் சாட்டிய திசையில் இல்லை. கூல்டின் கணக்கிலேயே பிழைகள் உண்டு என்றனர். 2014இல் மைக்கேல் வைஸ்பர்க் என்னும் மெய்யியலாளர், கூல்டிடம் சில பிழைகள் உண்டாயினும் அவர் வாதத்தின் பெரும்பகுதி நிற்கிறது என்று மறுத்தெழுதினார். 2018இல் பால் உல்ஃப் மிட்செல் என்னும் ஆய்வாளர், மார்ட்டனின் கைக்குறிப்புகளைத் தேடியெடுத்துப் படித்து, அளவிலே சாய்வு இருந்ததற்குச் சான்றில்லை என்றார். அதோடு நிற்கவில்லை. மார்ட்டனின் காலத்திலேயே, 1836இல், பிரீடரிக் டீடமன் என்னும் ஜெர்மானிய அறிஞரும் பல இனத்தார் மண்டைகளை அளந்ததை எடுத்துக் காட்டினார். எண்கள் ஏறத்தாழ ஒரே வகை. மார்ட்டன் சராசரிகளை அடுக்கி உயர்வு தாழ்வு கற்பித்தார். டீடமனோ, ஒவ்வோர் இனத்திலும் பெரியதும் உண்டு, சிறியதும் உண்டு, ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன என்பதை நோக்கி, கறுப்பரை அறிவிலே தாழ்ந்தவர் என்பதற்கு ஆதாரமில்லை என்றார்; அடிமை முறையை எதிர்த்தார்.

குற்றம் எங்கே இருந்தது, பார்த்தீர்களா? நாம் தேடிய இடத்திலே இல்லை. கையிலே இல்லை, விதையிலே இல்லை. எண்ணிலிருந்து முடிவுக்குத் தாவிய தாவலிலே இருந்தது. சராசரியின் சிறு வேறுபாட்டிலிருந்து ஒரு மனித இனத்தின் தகுதிக்குத் தாவிய அந்தத் தாவல், அளவு முற்றும் சரியாக இருந்தாலும் அநியாயமே. நமக்கு வசதியான இடத்திலே குற்றத்தைக் கண்டதால், உண்மையான குற்றம் நிற்கும் இடத்தைப் பார்க்க நாம் மறந்தோம். இனிக்கும் ஆய்வை ஆராயாததற்கு நாம் கொடுத்த விலை அது.

நம் நாட்டிலும் அளவுகோல் வந்தது. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராயிருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தை அளந்து, மூக்கு அகல அகலச் சாதி தாழ்கிறது என்று எழுதியவர். 1948இல் வெளிவந்த, தீண்டப்படாதார் யாவர் என்பது பற்றிய தம் நூலிலே அண்ணல் அம்பேத்கர் இதனை எதிர்கொண்ட முறையைப் பாருங்கள். அயலார் சூழ்ச்சி என்று கத்திவிட்டுப் போகவில்லை. பேராசிரியர் குரியே தொகுத்து வைத்திருந்த மூக்களவு எண்களை எடுத்தார். மாநிலம் மாநிலமாகப் படித்தார். அந்த அளவுகளின்படியே பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் வெவ்வேறு இனத்தவர் என்பது நிற்கவில்லை என்று காட்டினார். எதிரியின் எடைக்கல்லை வாங்கி, எதிரியின் சரக்கையே நிறுத்தார். மூக்களவைக் கொண்டு இனம் காணும் முறையே இன்று கைவிடப்பட்டுவிட்டது. பொறுமையாகப் படித்த அந்தப் பழக்கத்தை நாம் கைவிட வேண்டியதில்லை.

இத்தனை கேட்டபின், "ஆராய்ச்சி எல்லாமே பொய்தானோ?" என்று எவரேனும் சலித்துக்கொண்டால், அவர் மறுபக்கத்துக் குழியிலே விழுகிறார். எல்லாவற்றையும் நம்புவதற்கு எவ்வளவு சோம்பல் போதுமோ, எல்லாவற்றையும் மறுப்பதற்கும் அவ்வளவே போதும். 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் உடனாய்வாளரும் 'லான்செட்' என்னும் புகழ்மிக்க மருத்துவ இதழிலே கட்டுரை வெளியிட்டனர். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பூசியையும் ஆட்டிசம் என்னும் மனவளர்ச்சிக் கோளாற்றையும் முடிச்சுப் போட்டுப் பேச அது இடம் தந்தது. அளக்கப்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? 12! ஊசிக்கும் கோளாற்றுக்கும் தொடர்பை நாங்கள் நிறுவவில்லை என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருந்தது. ஆயினும் அச்சம் பரவிற்று. ஊசி போடாத குழந்தைகள் பெருகினர். 2002இல் டென்மார்க்கிலே 5,37,303 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து, தொடர்பு இல்லை எனக் கண்டனர். 2010இல் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. பெரிய இதழ், அறிஞர் மதிப்பிட்டுத் தேர்ந்த கட்டுரை. இருந்தும் பிழையை நீக்கப் பன்னிரண்டு ஆண்டுகள்! வெளியாகுமுன் இரண்டொரு அறிஞர் படித்துப் பார்ப்பது காவற்காரன் கடமை, அது தீர்ப்பன்று. பன்னிரண்டு குழந்தைகளை நம்பி ஐந்து இலட்சம் குழந்தைகளை மறுத்தவர்கள், "நாங்கள் ஆராய்ச்சியைச் சந்தேகிக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் செய்தது சந்தேகமன்று. பிடித்த சாட்சியை மட்டும் கூண்டிலேற்றிய வேலை.

அப்படியானால் எப்படிப் படிப்பது? முடிவை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் கேள்வியைப் பாருங்கள்: ஆசிரியர் கேட்ட கேள்வி என்ன? அடுத்து, அளக்கப்பட்டவர்களைப் பாருங்கள்: எத்தனை பேர், எவ்வூரார், எத்தகைய வீட்டினர், விடுபட்டவர் யார்? பிறகு அளவுகோல்: அது அளப்பதாகச் சொல்வதைத்தான் அளக்கிறதா? பிறகு ஒப்பீடு: எதனோடு எதை ஒப்பிட்டார்? பிறகு அட்டவணை, கட்டுரையின் வாய் பேசுவதையும் அட்டவணையின் எண் பேசுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றாக நிகழ்வதை ஒன்றால் ஒன்று நிகழ்வதாகத் திரித்திருக்கிறாரா? பணம் தந்தவர் யார்? வேறொருவர் மறுபடி செய்து பார்த்தாரா? இந்தக் கடைசிக் கேள்வி பெரிது. 2015இல், உளவியல் துறையின் 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தார்கள். முதல்முறை 97 விழுக்காடு ஆய்வுகள் தெளிவான விளைவு கண்டதாக அறிவித்தவை; மறுமுறை அப்படிக் கண்டவை 36 விழுக்காடே. இந்தக் குறையைக் கண்டு சொன்னவர்களும் அந்தத் துறையினரே என்பதை மறவாதீர்கள். தன் குறையைத் தானே எண்ணி அச்சிலே வெளியிட்ட புராணம் எதையேனும் நீங்கள் கண்டதுண்டா? அறிவியலின் பெருமை அங்கே இருக்கிறது.

படிப்பவனுக்கு ஒரு கடமை என்றால், மதிப்புரை எழுதுபவனுக்கு இரண்டு. மறுக்கப் போகும் கருத்தை, அதன் ஆசிரியரே "ஆம், இதைத்தான் சொன்னேன்" என்று தலையசைக்கும்படி முதலில் எடுத்துரைக்க வேண்டும். இது நமக்குப் புதிதன்று. பிறர் கருத்தை உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்று நடந்து பின்னர்க் களைவது, இருவர் மாறுபட்டால் ஒன்றைத் துணிவது என்று நூல் செய்வோரின் நெறிகளை வகுத்து வைத்தது நன்னூல். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் அது எண்ணிவைத்தது. மணிமேகலைக் காப்பியத்திலே, வஞ்சி நகரத்திலே பல்வேறு சமயத்தாரின் கொள்கைகளையும் மணிமேகலை கேட்டறிந்த பிறகே தன் வழியைத் தேர்கிறாள். கேட்டபின் மறுப்பது நம் மரபு. கேளாமல் மறுப்பதும், கேளாமல் வணங்குவதும் இடையிலே ஒட்டிக்கொண்ட பழக்கங்கள்.

ஆசிரியர் அறையிலே கேட்ட அந்தப் பேச்சுக்கு இப்போது என்ன மறுமொழி சொல்வது? "ஆராய்ச்சி பொய்" என்பது மறுமொழியாகாது. "எந்த ஆய்வு, சார்? பர்ட்டின் எண்கள் நிற்கவில்லை. பூசார்டின் எண், வறுமையிலும் எழுத்தறியா வீட்டிலும் வளரும் பிள்ளைக்குப் பொருந்தாது என்று அவரே எழுதியிருக்கிறார். நம் வகுப்பின் கடைசி வரிசையிலே இருப்பவன் அந்தப் பிள்ளைதான்" என்று சொல்லலாம். சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளைக்கு மறுபடியும் பாடத்தைச் சொல்லித் தரலாம். எந்த அட்டவணையும் அதைத் தடை செய்யவில்லை.

படிப்பகங்களிலே கூடும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு மாலை, ஓர் ஆய்வுக் கட்டுரையை நடுவிலே வைத்து, அட்டவணை உட்பட உரக்கப் படியுங்கள். புரியாத சொல்லுக்கு ஆசிரியர்களை அழையுங்கள், வருவோம். ஒருவர் அதற்காக வாதிடட்டும். ஒருவர் எதிர்த்து வாதிடட்டும். அடுத்த மாதம் அவ்விருவரும் இடம் மாறிக்கொள்ளட்டும். முதல் மாலைக்கு எந்தக் கட்டுரையை எடுப்பது என்ற கேள்வி வரும். நம் கொள்கைக்கு மிகவும் துணை நிற்பதாக நாம் நெடுநாளாக மேற்கோள் காட்டிவருகிற கட்டுரை எதுவோ, அதையே எடுங்கள்.